தந்தையின் கைக்கு ஒரு மடக்குக்கத்தி

அரசர் ஏந்திய வாள்களை நூதனசாலைகள் போற்றிக் காக்கின்றன. அவ்வாள் எந்தப் போரில் வீசப்பட்டது, எவர் கையில் இருந்தது என்னும் செய்திகள் அருகே எழுதி வைக்கப்பட்டிருக்கும். அவ்வரசருக்கு வரி செலுத்திய குடியானவன் நாள்தோறும் கையாண்ட கத்திக்கு அத்தகைய பேறு கிடைப்பதில்லை. அது அவன் சட்டைப் பையிலே கிடந்து, பாண் வெட்டி, கயிறு அறுத்து, கொம்பு சீவி, சாணைக்கல்லிலே தேய்ந்து தேய்ந்து, ஈற்றில் மெல்லிய தகடாகி மறைந்து போகும். குடியானவனின் வரலாறும் பெரும்பாலும் அவ்வாறே மறைந்தது. ஆயினும் சிற்சில நாடுகளில் அக்கத்தி மறையாது நிலைத்து, தன்னைக் கையாண்ட மக்களின் கதையைத் தன் உறுப்புகளிலேயே பொறித்து வைத்திருக்கின்றது. பிரான்சு தேசத்தின் நடு மலைநாட்டிலே பிறந்த லாயோல் என்னும் மடக்குக்கத்தி அத்தகைய ஒன்றாகும்.

பிரான்சில் 1952ஆம் ஆண்டு யூன் மாதத்து மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை தந்தையர் நாளாக அரச ஆணையால் விதிக்கப்பட்டது. அந்நாளிலோ தந்தையின் பிறந்தநாளிலோ அவருக்கு என்ன வாங்கிக் கொடுப்பது என்று எண்ணும் மகனும் மகளும் பலமுறை வந்து நிற்கும் இடம் கத்திக் கடையாகும். கண்ணாடிப் பேழைக்குள்ளே ஒரே பெயரைத் தாங்கிய கத்திகள் வரிசையாகக் கிடக்கும். யாவும் மெல்லிதாய் வளைந்த பிடியை உடையவை. யாவற்றின் முதுகிலும் ஒரு சிறு தேனீ அமர்ந்திருக்கும். ஆயினும் ஒன்றின் விலை ஒருவேளை உணவின் விலையை ஒக்கும். மற்றொன்றின் விலையோ கூலியாள் ஒருவர் பல நாள் உழைத்துப் பெறும் ஊதியத்தை ஒக்கும். எதனைத் தெரிவது? ஏன் இத்துணை வேறுபாடு? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு அக்கத்தியின் வரலாற்றைச் சற்றே அறிதல் வேண்டும்.

முதலிலே, தந்தைக்குக் கத்தி எவ்வாறு தக்க பரிசாயிற்று என்பதைக் காண்போம். பழைய நாளிற் பிரெஞ்சு நாட்டுப்புறத்தில் உணவு படைப்பது வீட்டுக்காரனின் கடமை; கத்தி கொண்டுவருவது உண்பவனின் கடமை. ஒவ்வோர் ஆண்மகனும் தன் கத்தியைத் தன் பையிலே வைத்திருந்தான். மேசையில் அமர்ந்ததும் அதனை விரித்துப் பாணையும் பாற்கட்டியையும் அரிந்து உண்டான். உண்டு முடிந்ததும் பாண் துண்டொன்றினால் அலகைத் துடைத்து மடித்துப் பைக்குள் இட்டான். பண்ணைகளிலே கூலியாட்களும் வீட்டுத் தலைவனும் ஒரே மேசையில் அமர்ந்து உண்பது வழக்கம். தலைவன் தன் கத்தியை மடிக்கும் ஓசை கேட்டவுடன் ஏனையோர் எழுந்து வேலைக்குப் போதல் வேண்டும். அவ்வோசைக்குப் பின் எவனும் மேலும் ஒரு துண்டு பாண் வெட்டத் துணிவதில்லை. ஆதலால் தந்தையின் கத்தி வெறும் கருவியாக மட்டும் இருக்கவில்லை; அது அவ்வீட்டின் ஆட்சிக்கும் ஓர் அறிகுறியாக இருந்தது.

பையன் ஒருவன் வளர்ந்து வயல்வேலைக்குத் தகுதி பெற்றபோது தந்தை அவனுக்குக் கத்தி ஒன்று கொடுப்பார். அன்று முதல் அவன் சிறுவனல்லன். பெரியோருடன் மேசையில் அமர்ந்து தன் பாணைத் தானே வெட்டுதற்கு உரிமை பெற்றவன். கத்தி இவ்வாறு தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்வதே பழைய முறை. இந்நாளில் மகன் தந்தைக்குக் கத்தி வாங்கிக் கொடுக்கும்போது அம்முறை திரும்பி வருகின்றது. கொடுத்த கை இப்பொழுது பெறுகின்றது. இதனாலேயே இப்பரிசைத் தெரிவதிலே பிள்ளைகள் கூடிய கவனஞ் செலுத்துகின்றனர்.

இனி, அக்கத்தி பிறந்த இடத்தை நோக்குவோம். பிரான்சின் தென்பாகத்து அவேரோன் மாவட்டத்தின் வட எல்லையிலே ஓப்ராக் என்னும் மேட்டுநிலம் உண்டு. எரிமலைகள் கக்கிய கருங்கற் பாறைமேற் பரந்த புல்வெளி அது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 மீற்றர் உயரத்திலே அங்கு லாயோல் என்னும் சிற்றூர் அமைந்திருக்கின்றது. ஆயிரத்துச் சொச்சம் மக்களே வாழும் ஊர். எழுத்துக்கூட்டிப் படிப்போர் அதனை வேறுவிதமாக உச்சரித்தாலும், பிரெஞ்சு மொழியில் அதன் பெயர் லாயோல் என்றே ஒலிக்கும். மாரிகாலத்தில் அங்கே பனி உறைந்து பாதைகள் மூடிப்போகும். நெல்லும் திராட்சையும் விளையாத அந்நிலத்தில் மக்களுக்கு வாழ்வளித்தவை மாடுகளும், அவற்றின் பாலிலிருந்து செய்த பாற்கட்டியுமே.

பழைய மரபின்படி மே மாதம் 25ஆம் நாள், புனித உர்பானின் திருநாளன்று, மாடுகள் அடிவாரத்துப் பண்ணைகளிலிருந்து மேட்டு மேய்ச்சல் நிலத்துக்கு ஏற்றப்படும். ஒக்டோபர் 13ஆம் நாள், புனித ஜெரோவின் திருநாளன்று, அவை மீண்டும் இறக்கப்படும். இடைப்பட்ட நாலரை மாத காலமும் மாடு மேய்ப்போரும் பாற்கட்டி செய்வோரும் புல்வெளியின் நடுவே தனித்து நிற்கும் கற்குடில்களிலே தங்குவர். மனைவி மக்களைப் பிரிந்த வாழ்வு. விடியுமுன் எழுந்து பால் கறக்கும் வாழ்வு. அத்தகைய இடத்தில் உடைந்த சாமானைத் திருத்தத் தச்சனையோ, நோயுற்ற மாட்டைப் பார்க்க வைத்தியனையோ தேடிப் போக முடியாது. பையிலே இருக்கும் கத்தியே தச்சன், அதுவே வைத்தியன், அதுவே உண்கலம்.

தொடக்கத்தில் அம்மக்கள் வைத்திருந்தது மடங்காத அலகும் மரப்பிடியும் உடைய கப்புசாடு என்னும் குத்துக்கத்தி. பியேர் ஜான் கால்மெல் என்னும் கம்மியர் 1829ஆம் ஆண்டில் லாயோலின் பெயர் தாங்கிய முதல் மடக்குக்கத்தியை அங்கே செய்தார் என்பது அவ்வூர் மரபு. முதலில் அது நேரான எளிய கத்தியாகவே இருந்தது. பின்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டி, இன்று நாம் காணும் ஒயிலான வளைவைப் பெற்றது. இவ்வளைவு எங்கிருந்து வந்தது? பனிக்காலத்திலே ஊரில் வேலையின்றிப் போனபோது ஓப்ராக் ஆடவர் பலர் மலைகளைக் கடந்து ஸ்பெயின் தேசத்துக்கு மரம் அரியச் சென்றனர். இளவேனிலில் திரும்பியபோது நவாகா என்னும் ஸ்பானிய மடக்குக்கத்திகளைப் பையிற் கொண்டுவந்தனர் என்றும், அவற்றின் சாயலே ஊர்க் கம்மியரின் கைவேலையிற் படிந்தது என்றும் கூறப்படுகின்றது. வயிற்றுப் பிழைப்புக்காக வீடு விட்டுச் சென்றவர்களின் நெடும்பயணம் இவ்வாறு கத்தியின் உருவத்திலே தங்கிவிட்டது.

மடக்குக்கத்தியின் உயிர்நிலை அதன் முதுகிலுள்ள எஃகுத் தகடாகும். அலகை விரித்தால் விரிந்தபடியும், மடித்தால் மடிந்தபடியும் இறுகப் பிடிப்பது அதுவே. தமிழிலே அதற்கு வில் என்று பெயர். ஈழத்து ஊர்களில் மடக்குக்கத்தியை வில்லுக்கத்தி என வழங்குவதும் இதனாலேயே. லாயோல் கத்திக்குப் பூட்டு இல்லை. அலகின் அடியிலுள்ள சிறு பள்ளத்தில் வில்லின் முனை பொருந்தி நிற்பதே அதன் காவல். ஆகவே வில்லைச் சரியான பதத்தில் வாட்டி எடுத்தல் கம்மியரின் திறமைக்கு உரைகல்லாயிற்று. இளகியதாயின் அலகு தளரும். கடியதாயின் விரிப்பவன் நகம் முறியும்.

ஏறத்தாழ 1840ஆம் ஆண்டளவில் இக்கத்தியோடு இரண்டாம் உறுப்பு ஒன்று சேர்ந்தது. அது கூரிய குத்தூசி. தோல்வாரிலே துளையிடவும் கயிற்று முடிச்சை நெகிழ்க்கவும் அது பயன்பட்டது. அதனினும் பெரிய பயன் ஒன்று உண்டு. இளவேனிலில் ஈரமான பசும்புல்லை மாடு அளவின்றி மேய்ந்தால் அதன் முதல் இரைப்பையில் வாயு நிறைந்து வயிறு ஊதிவிடும். விரைவில் வாயுவை வெளியேற்றாவிடின் மாடு மூச்சடைத்து இறக்கும். மேய்ப்பவன் தன் கத்தியின் ஊசியை விரித்து, மாட்டின் இடப்பக்கத்து விலாவின் பின்னே உரிய இடம் பார்த்துக் குத்தி வாயுவை வெளிப்படுத்துவான். தவறான இடத்திற் குத்தினால் மாடு பிழையாது. குத்தாது நின்றாலும் பிழையாது. பெரும்பாலும் அம்மாடு மேய்ப்பவனுடையதன்று, எசமானனுடையது. ஒரு கூலியாளின் நாணயமும் அவன் குடும்பத்தின் உணவும் அந்த விரல்நீள ஊசியின் நுனியிலே தங்கியிருந்தன என்று கூறுவது மிகையாகாது.

மூன்றாம் உறுப்பு 1880ஆம் ஆண்டளவில் வந்து சேர்ந்தது. அது போத்தலின் தக்கையைப் பிடுங்கும் திருகு. திராட்சை விளையாத மலைநாட்டுக் கத்திக்குத் தக்கைத் திருகு எதற்கு? விடை ஓப்ராக்கில் இல்லை. பாரிஸ் நகரத்தில் இருக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவேரோனிலும் அதன் அயல்நாடாகிய ஒவேர்ணிலும் நிலம் போதாத குடும்பங்களின் இளைஞர்கள் திரள்திரளாய்த் தலைநகருக்குச் சென்றனர். அங்கே அவர்கள் செய்த முதற்றொழில் தண்ணீர் சுமத்தல். வீதியிலிருந்து மாடிமேல் மாடியாகத் தண்ணீரைத் தோளிலே தூக்கிக் கொடுத்தனர். குழாய்நீர் வந்து அத்தொழிலைக் கெடுத்தபோது விறகும் கரியும் விற்றனர். கரி வாங்க வந்தவருக்கு ஒரு மூலையிலே கிண்ணத்தில் மதுவும் வார்த்துக் கொடுத்தனர். கரிக்கடையின் மூலை நாளடைவில் மதுச்சாலையாயிற்று, மதுச்சாலை கோப்பிக்கடையாயிற்று. இக்கடைக்காரரைப் பாரிஸ் மக்கள் பூஞா என அழைத்தனர்.

அம்மக்கள் தொகையாலும் முயற்சியாலும் பெருகினர். அவர்களுக்கென 1882ஆம் ஆண்டில் ‘லொவேர்ஞா த பாரி’ என்னும் செய்தித்தாளை லூயி பொன்னே என்பவர் தொடங்கினார். லாயோலிலே பிறந்த மார்செலான் காஸ் என்பவர் 1920ஆம் ஆண்டில் லிப் என்னும் உணவுச்சாலையை விலைக்கு வாங்கி, எழுத்தாளரும் அரசியலாரும் கூடும் புகழ்பெற்ற இடமாக அதனை ஆக்கினார். தண்ணீர் சுமந்தோரின் வழிவந்தோர் தலைநகரின் பெரிய உணவுச்சாலைகளுக்கு உரிமையாளராகிய கதை இது. நாள் முழுதும் போத்தல் திறக்க வேண்டிய அவர்கள் ஊர்க் கம்மியரிடம் திருகு பொருந்திய கத்தியைக் கேட்டனர். கம்மியர் செய்து கொடுத்தனர். ஆகவே அலகு ஊரில் வாழ்ந்தவனின் கதையையும், ஊசி மேய்ச்சல் நிலத்தில் உழைத்தவனின் கதையையும், திருகு ஊரைவிட்டுப் போனவனின் கதையையும் கூறுகின்றன. மூன்றும் ஒரே பிடியில் மடிந்து கிடக்கின்றன.

எஞ்சியிருப்பது தேனீ. அதனைப் பற்றிக் கடைகளிலே ஓர் அழகிய கதை சொல்வதுண்டு. லாயோல் மக்களின் வீரத்தை மெச்சிய நெப்போலியன் சக்கரவர்த்தி தம் அரச சின்னமாகிய தேனீயை அவர்களுடைய கத்தியிற் பொறிக்க உரிமையளித்தார் என்பது அக்கதை. தந்தைக்குப் பரிசு தேடி வருபவரின் உள்ளத்தை இது எளிதிற் கவரும். ஆயின் ஆண்டுகளைப் பக்கத்திற் பக்கமாக வைத்துப் பார்த்தால் கதை கலைந்துவிடும். நெப்போலியன் 1821ஆம் ஆண்டில் இறந்தார். மரபின்படி முதற் கத்தி 1829ஆம் ஆண்டிலே பிறந்தது. மூன்றாம் நெப்போலியனைக் குறித்தது என்று கொள்ளவும் இடமில்லை; அவர் ஆட்சி 1870இல் வீழ்ந்தது; கத்தியின் வில்லிலே தேனீ தோன்றியதோ 1908, 1909ஆம் ஆண்டுகளை ஒட்டியே. அதற்கு முன் அவ்விடத்தில் பூவும் இலையும் பிற கோலங்களும் செதுக்கப்பட்டன. வில்லின் தலைப்பகுதியைப் பிரெஞ்சுக் கம்மியர் தம் தொழில் வழக்கில் ‘மூஷ்’ என்பர். அச்சொல்லுக்கு ஈ என்றும் பொருளுண்டு. சக்கரவர்த்தியின் வரிசையை நாடாமலே, கம்மியரின் பட்டறைச் சொல்லிலும் கைத்திறத்திலும் அத்தேனீக்கு வேண்டிய பெருமை இருக்கின்றது.

பிடியின் பக்கத்திலே சிறு ஆணிகள் சிலுவை வடிவில் அடிக்கப்பட்டிருத்தலும் உண்டு. இதனை மேய்ப்பரின் சிலுவை என்பர். கோவிலுக்குப் போக வழியில்லாத மலைமேற் குடில்களில் மேய்ப்பர் கத்தியைப் பாணிலே நட்டு, அச்சிலுவையை நோக்கிச் செபித்தனர் என்பது மரபுரை. ஆவணத்தால் நிறுவப்பட்ட செய்தியாக இதனைக் கொள்ளாவிடினும், தனிமையில் வாழ்ந்த அம்மக்களைப் பற்றிப் பிற்காலத்தவர் கொண்ட மதிப்பை இது காட்டும்.

இனி, கடையிலே ஒரே பெயரில் இத்துணை வேறுபட்ட கத்திகள் கிடப்பதன் காரணத்துக்கு வருவோம். லாயோலுக்கு வடக்கே, ஒவேர்ண் பகுதியில், துரோல் ஆற்றங்கரையிலே தியேர் என்னும் நகரம் இருக்கின்றது. நடுக்காலத்தின் இறுதியிலிருந்தே அது கத்தித் தொழிலுக்குப் பேர்பெற்றது. ஆற்றின் வீழ்ச்சியால் சாணைச் சக்கரங்கள் சுழன்றன. சாணை பிடிப்போர் சக்கரத்தின் மேலே பலகையிற் குப்புறப் படுத்துக்கொண்டு நாள் முழுதும் அலகு தீட்டினர். ஈரக் குளிரைத் தாங்குதற்கு அவர்கள் தம் கால்களின்மேல் நாய்களைப் படுக்க வைத்துக்கொண்டனர். அங்கே ஒருவர் அலகு அடிப்பார். ஒருவர் வில் வாட்டுவார். ஒருவர் பிடி பொருத்துவார். இவ்வேலைப் பிரிவினால் கத்தி விரைவாகவும் மலிவாகவும் பிறந்தது. லாயோல் கத்திக்குப் பாரிஸில் விருப்பம் பெருகியபோது, சிற்றூர்க் கம்மியர் சிலரால் ஈடுகொடுக்க இயலவில்லை. தியேர் நகரத்தார் அதே வடிவிற் கத்தி செய்து அதே பெயரில் விற்றனர்.

பின்னர் 1914 முதல் 1918 வரை நிகழ்ந்த உலகப் போர் சிற்றூர்களின் இளைஞரை வாரிக்கொண்டு போயிற்று. திரும்பாதவர் பலர். லாயோலின் கம்மாலைகள் ஒவ்வொன்றாக அவிந்தன. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லாயோல் கத்தி உலகெங்கும் விற்பனையாயிற்று. லாயோல் ஊரிலோ அதன் உற்பத்தி ஏறக்குறைய நின்றுபோயிற்று. பெயர் ஊரை விட்டுப் பிரிந்துவிட்டது. 1980களில் ஊரவர் சிலர் முன்வந்து அத்தொழிலை மீண்டும் உயிர்ப்பித்தனர். 1987ஆம் ஆண்டில் அங்கே புதிய தொழிற்சாலை ஒன்று எழுந்தது. பிலிப் ஸ்டார்க் என்னும் வடிவமைப்பாளர் வரைந்த அக்கட்டடத்தின் கூரையைத் துளைத்துக்கொண்டு 18 மீற்றர் உயரமான கத்தியலகு ஒன்று வானை நோக்கி நிற்கின்றது. அதன்பின் வேறு பட்டறைகளும் ஊரிலே தோன்றின.

ஊருக்குத் தொழில் திரும்பிவந்த வேளையிலே பெயரைப் பற்றிய வழக்கும் வந்தது. ஊருடன் தொடர்பில்லாத வணிகர் ஒருவர் 1993ஆம் ஆண்டில் லாயோல் என்னும் பெயரைப் பலவகைப் பண்டங்களுக்குத் தம் வணிகக் குறியாகப் பதிவு செய்தார். ஆசிய நாடுகளிற் செய்யப்பட்ட மலிவான கத்திகளும் அப்பெயருடன் சந்தைக்கு வந்தன. அப்பெயர் ஒருவகைக் கத்தியின் பொதுப்பெயராகிவிட்டது என்ற கருத்தும் நீதிமன்றங்களிலே எழுந்தது. 2012ஆம் ஆண்டில் ஊரவர் வழக்கில் தோல்வியுற்றபோது, தம் ஊர் வாயிலிலிருந்த பெயர்ப்பலகையைத் தாமே கழற்றினர். தம் பெயரையே பயன்படுத்த உரிமையில்லாத ஊருக்குப் பலகை எதற்கு என்பது அவர்களுடைய மனக்குறை. வழக்கு மேன்மேலும் நடந்து, 2019ஆம் ஆண்டில் பாரிஸ் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்வணிகக் குறிகள் பலவற்றை நீக்கியது. இதற்கிடையே 2014ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பாற்கட்டிக்கும் மதுவுக்கும் இருந்த புவிசார் குறியீட்டுக் காப்பைக் கைவினைப் பொருட்களுக்கும் நீட்டியது. அதன்படி 2022ஆம் ஆண்டில் லாயோல் கத்திக்கு அத்தகைய குறியீடு ஒன்று ஏற்கப்பட்டபோது, அது ஓப்ராக்கையும் தியேரையும் ஒருங்கே தழுவியிருந்தது. தியேர் நகரத்தார் மகிழ்ந்தனர். லாயோல் ஊர்க் கம்மியர் உடன்படவில்லை.

இருதிறத்தார் கூற்றிலும் நியாயம் உண்டு. லாயோல் கத்தி அவ்வூரிலே பிறந்தது என்பது மெய். அவ்வூரிற் கம்மாலைகள் அவிந்த காலத்தில் அதனை அழியாது காத்தவர் தியேர் நகரத்தார் என்பதும் மெய். ஆகவே தந்தைக்குக் கத்தி தெரிவோர் அலகிலே பொறித்த லாயோல் என்னும் சொல்லை மட்டும் நம்பிவிடலாகாது. அச்சொல் கத்தியின் வடிவத்தைக் கூறுமேயன்றிச் செய்தவரைக் கூறாது. செய்த பட்டறையின் பெயரும் அதன் ஊரும் உடன் உள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். தேனீ வில்லோடு ஒரே இரும்பாய் அடித்து எழுப்பப்பட்டதா, பின்னர் ஒட்டவைக்கப்பட்டதா என்று நோக்குதல் வேண்டும். நல்ல கத்திகள் பலவற்றிலும் ஒட்டிய தேனீ உண்டெனினும், ஒன்றாய் அடித்ததற்குக் கூடிய உழைப்புத் தேவை. அலகை மடித்துப் பிடித்து வெளிச்சத்திற் பார்த்தால் அது பிடியின் நடுவே கோணாது கிடத்தல் வேண்டும். பிடியிலே பதித்த கொம்புக்கும் உலோகத்துக்கும் இடையே நகம் தட்டும் இடைவெளி இருத்தலாகாது.

இவை வேலைத்திறத்தை அறியும் வழிகள். ஆயின் பரிசு தெரிவதற்கு இவை மட்டும் போதா. இக்கத்தியின் வரலாறு கற்பிக்கும் பாடம் வேறொன்று உண்டு. ஊசியும் திருகும் அழகுக்காக வந்தவையல்ல. மாடு மேய்த்தவனுக்கு ஊசி தேவைப்பட்டது. போத்தல் திறந்தவனுக்குத் திருகு தேவைப்பட்டது. கத்தி தன்னைப் பிடித்த கையின் வேலையைக் கேட்டு வளர்ந்தது. தந்தைக்குக் கத்தி வாங்கும் பிள்ளையும் அவ்வாறே முதலில் அவர் கையின் வேலையைக் கேட்டல் வேண்டும்.

மது அருந்தாத தந்தைக்குத் திருகு பொருந்திய கத்தி வீண் பாரம். மாடு வளர்க்காத தந்தைக்கு ஊசி இன்றியமையாததன்று. ஒற்றை அலகுடைய மெல்லிய கத்தியே பையில் இலகுவாய்க் கிடக்கும். தோட்டத்தில் நிற்பவர், சாணை பிடிக்கத் தெரிந்தவர், கருவியைத் துடைத்து எண்ணெயிட்டு வைக்கும் பழக்கமுடையவர் எனின், பழைய கரிம எஃகு அலகு அவருக்கு ஏற்றது. அது எளிதிற் கூர் பெறும். பழச்சாறு பட்டால் கருமை படரும். ஈரத்தில் விட்டால் துருப்பிடிக்கும். அத்தகைய கவனம் இல்லாதவருக்குத் துருவேறா எஃகே நன்று. பிடிக்கு மாட்டுக்கொம்பும் ஒலிவ மரமும் சூரைச்செடி வகை மரங்களும் பயன்படுகின்றன. கொம்பின் நுனிப்பகுதி செறிவானது. ஆதலால் விலை கூடியது. கொம்போ மரமோ, தண்ணீரில் ஊறவிட்டால் இரண்டுமே கெடும். முதுமையால் விரல் விறைத்த தந்தைக்குக் கடிய வில்லுடைய கத்தியைக் கொடுத்தால் அது மேசை அறைக்குள்ளேயே கிடக்கும். கடையிலே அதனைப் பலமுறை விரித்து மடித்துப் பார்த்து, அவருடைய நகத்துக்கு அது இணங்குமா என்று கருதிப் பார்த்தல் அன்புடையோர் செயல்.

அன்றியும், புகழ்பெற்ற கத்தியே வேண்டும் என்பதில்லை. அல்ப்ஸ் மலைச்சாரலில் உள்ள சவோய் நாட்டிலே, கருவி செய்யும் குடும்பத்திற் பிறந்த யோசப் ஒப்பினெல் என்பவர் 1890ஆம் ஆண்டில் மிக எளிய மடக்குக்கத்தி ஒன்றைச் செய்தார். உருண்டையான மரப்பிடி, ஒரு பிளவு, ஓர் அலகு, அதனை இறுக்கும் ஓர் ஆணி; இவ்வளவே அதன் அமைப்பு. 1897ஆம் ஆண்டிலே அதனை 1 முதல் 12 வரை அளவு வரிசையில் வெளியிட்டார். முடி சூடிய கையைத் தம் குறியாக 1909ஆம் ஆண்டில் ஏற்றார். அலகு தற்செயலாக மடிந்து விரலை வெட்டாதபடி தடுக்கும் சுழல் வளையம் 1955ஆம் ஆண்டிற் சேர்ந்தது. வில்லும் தேனீயும் அற்ற இக்கத்தி கமக்காரர், புகையிரதப் பாதைத் தொழிலாளர், ஆயர் முதலியோரின் பைகளிலே நிறைந்தது. குறைந்த ஊதியமுள்ள பிள்ளையும் மனம் நாணாது தந்தைக்குக் கொடுக்கத்தக்க நேர்மையான கருவி அது. பொய்ப்பெயர் தாங்கிய ஆடம்பரக் கத்தியினும் மெய்ப்பெயர் தாங்கிய எளிய கத்தி மேலானது என்பதில் ஐயமில்லை.

பரிசைத் தெரிந்தாயிற்று. கொடுப்பதற்கும் ஒரு முறை உண்டு. கத்தி உறவை வெட்டும் என்னும் அச்சம் பிரெஞ்சு மக்களிடையே பழமையானது. ஆகவே கத்தியைப் பரிசாகப் பெறுபவர் கொடுப்பவருக்கு ஒரு சிறு நாணயத்தைத் திருப்பிக் கொடுப்பார். அதனாற் கத்தி விலைக்கு வாங்கியதாகக் கணக்காகும், உறவும் வெட்டுப்படாது. இங்கிலாந்திலும் இவ்வழக்கம் உண்டு. மகன் கத்தியை நீட்டுகின்றான். தந்தை தன் பையைத் தடவி ஒரு செப்புக்காசை எடுத்து மகனின் உள்ளங்கையில் வைக்கின்றார். பிள்ளையை வளர்த்த காலமெல்லாம் கொடுத்தே பழகிய தந்தைக்கு, பெறும் நேரத்திலும் ஒரு காசு கொடுக்க இடம் வைத்த வழக்கம் இது. அதனை மூடநம்பிக்கை என்று தள்ளுவதற்குமுன், அதிலே பொதிந்துள்ள மரியாதையை எண்ணிப் பார்த்தல் தகும்.

லாயோல் கத்தியை மடிக்கும்போது அலகை வில்லின் பாட்டுக்கு விட்டுவிடாமல், விரலால் தாங்கி மெல்ல இறக்க வேண்டும் என்று கம்மியர் அறிவுறுத்துவர். படீரென மடிந்தால் அலகின் வாய் உள்ளேயுள்ள வில்லில் மோதி மழுங்கும். முன்னாளில் வீட்டுத் தலைவனின் கத்தி ஓசையுடன் மடிந்து ஏனையோரை மேசையிலிருந்து எழுப்பியது. இந்நாளில் நல்ல கத்தி ஓசையின்றி மடிகின்றது. மேசையில் இருப்போர் எழவேண்டியதில்லை. பிள்ளை தெரிந்தெடுத்த கத்தியால் தந்தை பழம் அரிந்து பேரப்பிள்ளைகளுக்குப் பகிர்ந்தளிப்பாராயின், பட்டறையிலே அதனை வாட்டி வளைத்த கம்மியரின் உழைப்பும், பிள்ளை செலவிட்ட பொருளும் உரிய பயனை அடைந்தன எனலாம்.